ஒன்றே முக்கால் கிலோ கிரீஸ்

எங்கள் ரயில் டெப்போவின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த இரண்டு பேரும் என் வகுப்பில் படித்தவர்கள். பழைய வகைப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்படுகின்றன, புது வகையில் பேரிங்கு முத்திரையோடு மூடி வருகிறது, நாம் திறப்பதே இல்லை, அதனால் அந்தக் கால வேலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுங்கள் என்றார்கள். திறக்க வேண்டியதில்லை என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மனிதக் கை படாத பேரிங்கு நல்ல பேரிங்கு. நான் எழுதப்போவது வேறு. மலரில் இது வருமா என்று தெரியாது. வராவிட்டால் பிரதி எடுத்து, கேட்பவர்களுக்கு நானே கொடுப்பேன்.

வகுப்பில் உங்களுக்கு ஒரு கேஸ் சொல்லிக்கொடுத்தேன். ‘கிரீஸ் குறைவால் ஏற்பட்ட ஹாட் ஆக்சில், பொறுப்பு: ஃபிட்டர் ரங்கசாமி’ என்று அதற்குத் தலைப்பு. ஓடுகிற வண்டியில் சக்கர அச்சு சூடேறிப்போன கேஸ். ஆறு வருடம், வருடத்துக்கு நான்கு வகுப்பு. அந்தத் தலைப்பு தவறு. தவறு என்று தெரிந்தே சொல்லிக்கொடுத்தேன்.

முதலில் என்னைப் பற்றிச் சுருக்கமாக. ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் மண்ணெண்ணெயில் பேரிங்கு கழுவியதுதான் பயிற்சி. முப்பத்தோரு வருட வேலையில் இருபத்தைந்து வருடம் பேரிங்கு செக்‌ஷன், அதில் கடைசி ஒன்பது வருடம் செக்‌ஷன் பொறுப்பு. ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கினேன். தினமும் டைரி எழுதுகிற பழக்கம் உண்டு. அன்று எத்தனை பெட்டி, எந்த அச்சு, எந்தப் பக்கம், ரோலருக்கும் வளையத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, எவ்வளவு கிரீஸ், எல்லாம் அதில் இருக்கும். அலுவலகப் படிவத்தில் கிரீஸுக்கு ஒரு கட்டம்தான் உண்டு, அதில் டிக் போட்டால் போதும். எடை எழுத இடமே கிடையாது. என் நோட்டில் எடை இருக்கும். சாமு அண்ணன் பொண்ணு பாக்கப் போனப்பவே பொண்ணோட கழுத்துச் செயினுக்கு இடைவெளி அளந்து எழுதிட்டு வந்தவருங்க என்று என்னைப் பற்றி ரங்கசாமி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கும்.

ரங்கசாமி காரமடைக்காரர். என்னைவிட ஐந்து வயது இளையவர். காலையில் பாசஞ்சரில் வந்து இறங்கி, சாப்பாட்டுத் தூக்கை அலமாரியில் வைத்துவிட்டு நேராகக் கை கழுவப் போவார். கிரீஸ் அடைக்கிற வேலையை அவரைப் போலச் செய்தவர் எங்கள் டெப்போவில் இல்லை. அந்த வேலை எப்படி நடக்கும் என்று இங்கே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

சக்கர அச்சின் இரண்டு முனையிலும் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் உருளைகள் சுற்றும் பேரிங்கு. பெட்டியைக் கழற்றி, பழைய கிரீஸை வழித்து, பேரிங்கைக் கழுவி, காற்றடித்து, துணியால் துடைக்க வேண்டும். துடைக்கிற துணி மார்க்கின் துணியாகத்தான் இருக்க வேண்டும். நூல் பிரியாது, பிசிறு விழாது. துடைத்த பிறகு இடைவெளி அளந்து, பின்பக்க மூடியின் கம்பளி வளையத்தை எண்ணெயில் ஊறவைத்து, பேரிங்கைச் சூடாக்கி அச்சில் ஏற்றி, ஆறியதும் கிரீஸ். உருளைகளுக்கு நடுவில் விரலால் அழுத்தி அழுத்தி அடைத்து, மீதியை முன் மூடிக்குள் சமமாகப் பூச வேண்டும். எங்கள் வகைப் பெட்டிக்கு ஒன்றே முக்கால் கிலோ. குறைந்தால் உலோகம் உலோகத்தைத் தின்னும். கூடினாலும் கெடுதல்தான். இடமில்லாத கிரீஸை உருளைகள் கடைந்து கடைந்து அதுவே சூடாகும். தட்டோடு கிரீஸை எடைபோட்டு ரங்கசாமியிடம் நான் கொடுப்பேன். அவர் அடைத்து முடித்ததும் வெறும் தட்டை மறுபடி எடைபோட்டு, கழித்து எழுதுவேன். மூடி போட்டுப் பூட்டிய பிறகு அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் தேதியும் அடைத்தவரின் முதலெழுத்தும். நிறுத்தவனின் எழுத்தை எங்கும் போடுவதில்லை.

எங்கள் அதிகாரி நாச்சிமுத்து சார், அன்னூர்ப் பக்கம் சொந்தத் தோட்டமுள்ள குடும்பம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். கோபம் வந்தால் ‘ங்க’ கூடும். சாதாரண நாளில் நான் சாமுவேலு. கோபமான நாளில் சாமுவேலுங்க. தினமும் சலவைக் கைக்குட்டை ஒன்று கொண்டுவருவார். நாங்கள் சுத்தம் என்று சொன்ன பேரிங்குக்குள் அதை ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பார். ஒரு புள்ளி கறுப்பு இருந்தாலும் கைக்குட்டையை மடித்து எங்கள் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். திட்டமாட்டார். நாங்கள் மறுபடி கழுவி, கைக்குட்டையையும் துவைத்துக் காயவைத்துக் கொடுப்போம். பெட்டியைப் பிரித்த பிறகு எதையும் அவர் பார்க்காமல் கழுவக் கூடாது என்பது அவருடைய இன்னொரு கட்டளை. அழுக்குதான் பேசும், கழுவினால் வாயை மூடிக்கொள்ளும் என்பார்.

சபரிமலை சீசனுக்கு முன்னால் ஒரு வாரம். ஸ்பெஷல் ரயில்களுக்குப் பெட்டிகள் அவசரமாக வெளியே போக வேண்டும். மார்க்கின் துணி வரவில்லை. ஸ்டோரில் கேட்டால் நாளை என்றார்கள், மூன்று நாளும் நாளைதான். நாச்சிமுத்து சார் இருந்திருந்தால் துணி இல்லீன்னா வேலை இல்லீங்க என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் கண் ஆபரேஷனுக்காக விடுப்பில் இருந்தார். பொறுப்பு என்னுடையது.

என் மனைவியின் தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் அவர் குழந்தைக்கு ஞானஸ்நானம். வந்தவரிடம் துணிக் கஷ்டத்தைச் சொன்னேன். மறுநாளே ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் அனுப்பிவிட்டார். வெள்ளை வெளேரென்று, மார்க்கினைவிட மெத்தென்று இருந்தது. பட்டறைகளில் எல்லோரும் துடைக்கிற வேஸ்ட்தான் அது. ஆனால் பேரிங்குக்குள் விடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால் யோசித்தேன். இது கட்டிங் வேஸ்ட், தைப்பதற்கு முன் வெட்டி எறிந்தது, நூல் இருக்காது, தையல் இருக்காது என்று காரணம் கண்டுபிடித்தேன். தையல் தெரிந்த துண்டுகளைப் பொறுக்கி எறிந்தேன். மற்றதைக் கொடுத்தேன். ரங்கசாமி ஒரு துண்டை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, நாச்சிமுத்து சாருக்குத் தெரிஞ்சா நமக்கு இதுலயே கோவணம் தெச்சுக் கட்டிப்போடுவாருங்க என்றார். நான்கு நாள் அதில்தான் துடைத்தோம். டைரியில் அதையும் எழுதினேன்: ‘மார்க்கின் இல்லை. பனியன் வேஸ்ட், நான் கொண்டுவந்தது.’

அடுத்த மாதம் அந்த ரயில் பெட்டிகளில் ஒன்றின் அச்சு வழியில் சூடாகிவிட்டது. ஒரு சிறிய ஸ்டேஷனில் வண்டி உள்ளே வரும்போது சக்கரங்களைக் கவனிக்கிற பரிசோதகர் சத்தத்தைக் கேட்டுப் பிடித்துவிட்டார். ரயிலிலிருந்து அந்தப் பெட்டியைக் கழற்றிப் போட்டார்கள். அதிலிருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி மற்றப் பெட்டிகளில் நின்றுகொண்டு போனார்கள். யாருக்கும் காயமில்லை. அச்சு முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியும். மூடியில் ரங்கசாமியின் எழுத்து இருந்தது.

சக்கரம் எங்கள் டெப்போவுக்கே வந்தது. பிரித்தவன் நான். கிரீஸ் கருகிப்போய், பாதிக்கு மேல் கம்பளி வளையம் வழியாக வழிந்து சக்கரத்தில் அப்பியிருந்தது. உருளைகளைப் பிடித்திருக்கும் கூடு விரிசல். உருளைகள் ஓடும் வளையத்தில் சிறு சிறு குழிகள். முன் மூடியின் அடியில் கெட்டியாகக் கிடந்த கிரீஸை வழிக்கும்போது விரலில் ஏதோ குத்தியது. துடைத்துப் பார்த்தேன். அரை அங்குலத்துக்கும் குறைவான ஊசி முனை. முனைக்குப் பக்கத்திலேயே காது இருந்தது. தையல் மிஷின் ஊசிக்குத்தான் காது அங்கே இருக்கும். ஒரு துண்டு இங்கே கிடந்தால் இன்னொன்று உருளைக்கு அடியில் போய் அரைபட்டிருக்கிறது.

அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லை. ஊசியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டேன். பிறகு மூடியைக் கழுவினேன்.

கண் ஆபரேஷன் முடிந்து வந்திருந்த நாச்சிமுத்து சார் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இதைக் கழுவுனது யாருங்க?”

“நானுங்க சார்.”

“நான் பாக்காம கழுவக் கூடாதுன்னு சொல்லியிருந்தனுங்களே, சாமுவேலுங்க.”

அவர் கைக்குட்டையை எடுத்தார், சுத்தமான மூடிக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார், பிரித்துக்கூடப் பார்க்காமல் மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை அவர் கேட்டதில்லை. ஓய்வு பெறுகிறவரை என்னைச் சாமுவேலுங்க என்றுதான் கூப்பிட்டார்.

மீதியிருந்த கிரீஸை விசாரணையில் நிறுத்தார்கள். முக்கால் கிலோகூட இல்லை. வழிந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சூட்டில் உருகி வெளியேறும் என்று எனக்குத் தெரியும், என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிரீஸ் குறைவு என்று முடிவு எழுதத் தயாரானார்கள். ரங்கசாமி கை கழுவுகிற குழாயடிக்கு என்னைத் தேடி வந்தார்.

“அண்ணா, உங்க நோட்டுல அன்னிக்கு எடை எழுதியிருப்பீங்கல்லங்க. அந்தப் பக்கத்தை மட்டும் ஆபீசருகிட்டக் காட்டிப்போடுங்க. எனக்கு அது போதுமுங்க.”

அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். மேல் வரியில் எடை. கீழ் வரியில் பனியன் வேஸ்ட், நான் கொண்டுவந்தது.

“அன்னிக்கு எழுதலீங்க ரங்கசாமி. காய்ச்சலா இருந்துச்சு.”

அவர் என்னைப் பார்த்தார். தண்ணீர் திறந்தபடியே இருந்தது. “அப்படீங்களா,” என்றார். குழாயை மூடினார். “பரவால்லீங்கண்ணா. நீங்க என்ன பண்ணுவீங்க.”

பேரிங்கு வேலையிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். சம்பளத்தில் படி இறக்கம், பிட் லைனுக்கு மாற்றம். ரயில் வந்து நின்றதும் அதற்கடியில் உள்ள குழியில் நடந்து, பிரேக் கட்டைகளைப் பார்க்கிற வேலை. மேலிருந்து கழிவறைத் தண்ணீர் சொட்டும். அவர் ஒரு தடவைகூட என்னிடம் புகாரோ குறையோ சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் யாரைப் பற்றியும் வேடிக்கை பேசி நான் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து மைத்துனர் வீட்டுக்கு வந்தபோது பேச்சுவாக்கில் அவர்கள் கம்பெனி வழக்கத்தைச் சொன்னார். ஏற்றுமதித் துணி என்பதால் மிஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ஒரு ரிஜிஸ்டரில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்களாம். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்தக் கட்டு முழுவதும் அனுப்பத் தகாதது, கிழித்து வேஸ்ட்டில் போட்டுவிடுவார்களாம். அப்படியென்றால் தொலைந்த ஊசிகள் போய்ச் சேருகிற இடமே வேஸ்ட் மூட்டைதான். நான் அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றி முடித்தேன். அவரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இதற்குப் பிறகுதான் வகுப்பு. அனுபவசாலி, ஒழுங்கானவர் என்று என்னை வகுப்பெடுக்கப் போட்டார்கள். அந்த வருட ஹாட் ஆக்சில் கேஸைக் கட்டாயம் படிக்க வேண்டும், பெயரோடு. முதல் வகுப்பில் குரல் கொஞ்சம் தடுமாறியது. மூன்றாவது வகுப்பில் தடுமாறவில்லை. ஒருவர் எழுந்து, அப்ப கொஞ்சம் சேத்தியே வெச்சுப்போட்டா வம்பில்லீங்களேண்ணா என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அளவு அளவுதான் என்று சொன்னேன். ஆனால் கிரீஸ் குறைந்ததால் ஒரு மனிதன் குழிக்குள் போனான் என்று படித்துக் காட்டிவிட்டு, அளவைப் பற்றி நான் சொன்னதை யார் கேட்பார்கள்? ரங்கசாமி போன பிறகு நான் தட்டை எடைபோட்டுக் கொடுப்பதையும் விட்டிருந்தேன். பயந்த கை தாராளமாகத்தான் அள்ளும். இரண்டு வருடத்துக்குள் எங்கள் டெப்போப் பெட்டிகள் வழக்கத்தைவிடச் சூடாக ஓட ஆரம்பித்தன. அந்தச் சூட்டின் அளவுகளும் என் டைரியில் இருக்கின்றன. பனியன் வேஸ்ட்டும் அப்படியே தொடர்ந்தது. துணி தீர்ந்தால் அதுதான் என்று நான் தொடங்கிவைத்த வழக்கம். கேஸில் துணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாதபோது யார் நிறுத்துவார்கள்?

போன வருடத்துக்கு முந்தைய வருடம், பிட் லைனில் ரங்கசாமி ஒரு பெட்டியைத் தொட்டுப் பார்த்து, சூடு அதிகம் என்று எழுதி எங்களுக்கு அனுப்பினார். பிரித்தோம். அவரும் வந்து நின்றார். இரண்டரைக் கிலோ இருந்தது. மூடியைத் திறந்ததும் பிதுங்கிக்கொண்டு வந்தது.

“இத்தனையைப் போட்டு எதுக்குங்க அடைச்சிருக்கறாங்க?” என்று கேட்டார்.

அடைத்த பையன் என் மாணவர், அங்கேயே இருந்தார். உங்க கேஸை சாமு அண்ணன் வகுப்புல சொன்னதுல இருந்து எல்லாரும் சேத்தித்தானுங்க வெக்கறோம் என்று உண்மையைச் சொன்னார். ரங்கசாமி என் பக்கம் திரும்பவில்லை. கீழே வழிந்த கிரீஸைத் தகட்டால் வழித்து டப்பாவில் போட்டுவிட்டுக் குழிக்கு இறங்கிப் போனார். நான் அந்த மாதமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். தைரியம் வந்து எழுதவில்லை, வகுப்பெடுக்க முடியாமல் எழுதினேன்.

வெளியே வந்த பிறகு டைரிப் பக்கத்தையும் ஊசியையும் வைத்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். தண்டனைக் காலம் முடிந்துவிட்டது, கோப்பு மூடப்பட்டது, மறுபடி திறக்க வழியில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு காரமடைக்குப் போனேன்.

ரங்கசாமி வீட்டில்தான் இருந்தார். நாற்காலி போட்டார். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: மூட்டை, ஊசி, கழுவியது, காய்ச்சல் என்று சொன்ன பொய். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடித்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“எடை சரியா இருந்துச்சுங்களா?”

“ஒண்ணே முக்கால். தட்டைக் கழிச்சு.”

“கழிச்சுங்களா?”

“கழிச்சுதாங்க.”

அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நானே கம்மியா வெச்சுப்போட்டனோன்னுதானுங்க இத்தனை வருசமா நெனச்சிட்டிருந்தேன். எழுதியிருந்தா நீங்க காட்டாம இருக்கமாட்டீங்க. எழுதலீன்னதும் எனக்கு எங் கை மேலயே நம்பிக்கை போயிருச்சுங்க. பிட்டுல ஒரு நட்டை முறுக்குனாக்கூட மூணு தடவ திரும்பிப் போயிப் பாப்பேன்.”

பிறகு உள்ளே பார்த்து, “அம்மணி, இங்க வா. அண்ணன் சொல்றதைக் கேளு,” என்றார். அவர் மனைவி ஈரக் கையோடு வந்து நின்றார். “அண்ணா, எடையை இன்னொருக்காச் சொல்லுங்க.”

சொன்னேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்து, “அப்பவே உங்களுக்குத் தெரியுமாங்க?” என்றார். தெரியும் என்றேன். அவர் உள்ளே போய்விட்டார், திரும்பி வரவில்லை. ரங்கசாமியே எழுந்து போய்க் காப்பி கொண்டுவந்து வைத்தார். எடுத்துக் குடித்தேன். குடித்து முடிக்கும்வரை அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். வகுப்பில் உங்கள் பெயரை எடுக்கச் சொல்லி எழுதுகிறேன் என்றேன்.

“பேரை எடுக்க வேண்டாமுங்க,” என்றார். “பேரு இருக்கோணும். காரணத்தை மாத்தி எழுதுங்க. அடைச்சது நான்தான், சரியா அடைச்சன்னு இருக்கோணும்.”

ஆகவே இனி அந்த வகுப்பை எடுக்கிறவர்கள் இப்படிப் படிக்க வேண்டும். கிரீஸ் அளவு ஒன்றே முக்கால் கிலோ, சரியானது. அடைத்தவர் ஃபிட்டர் ரங்கசாமி. பேரிங்கு கெட்டதற்குக் காரணம், துடைத்த பனியன் வேஸ்ட்டில் இருந்த ஊசி. அந்த வேஸ்ட்டைக் கொண்டுவந்தவர், ஊசியை எடுத்து மறைத்தவர், எடையை எழுதி வைத்தும் எழுதவில்லை என்று சொன்னவர் செக்‌ஷன் பொறுப்பு சாமுவேல். பெயரோடு படிக்கவும்.